கடலில் நட்ட நாற்று



புதுக்கோட்டை என்றதும் தொண்டைமான் சீமையை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது தூத்துக்குடிக்கு மேற்கே, திருநெல்வேலி சாலையில் இருக்கிற நம்ம புதுக்கோட்டை. அங்கே ஒரு விவசாயி வீட்டில் பழைய தொழுவத்துச் சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். பருத்தியில் பூச்சி பார்க்கப் போன என்னைக் கூப்பிட்டு ஒரு கல்லைக் காட்டினார். வெள்ளைக் கல். தேன்கூடு மாதிரி உடம்பெல்லாம் துளை. கையில் தூக்கினால் பார்த்த அளவுக்குக் கனம் இல்லை.

"இது என்ன கல் சார்? நம்ம பக்கத்துக் குவாரியிலே இப்படிக் கல்லே கிடையாதே?" என்றார்.

"இது குவாரிக் கல் இல்லை அண்ணாச்சி. கடலில் உயிரோடு இருந்த கல். பவளப்பாறை" என்றேன்.

அவர் நம்பவில்லை. கல்லுக்கு உயிரா என்று சிரித்தார். ஆனால் நம் வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாசலுக்கும், வீட்டுச் சுவருக்கும், அஸ்திவாரத்துக்கும் கடலில் இருந்து வண்டி வண்டியாக வந்த கல் இதுதான். அந்தக் கல்லை வைத்துத்தான் இன்றைய பேச்சு. முதலில் முத்துச்சிப்பியில் தொடங்கி, பிறகு கல்லுக்கு வருகிறேன். உழவர் நிகழ்ச்சியில் சிப்பிக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். நாற்றங்கால், நடவு, விதையளவு, காவல் எல்லாம் இதிலும் உண்டு.

தூத்துக்குடிக் கடலில் முத்து எடுத்தது நேற்று முந்தாநாள் கதை இல்லை. தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் கொற்கை என்ற துறைமுகம் இருந்தது. இன்று அது உள்நாட்டுக் கிராமம். முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய ஒரு மாலுமி, பாண்டியன் நாட்டில் கொற்கையில் முத்துக்குளிப்பு நடக்கிறது, தண்டனை பெற்ற குற்றவாளிகளை அதில் இறக்குகிறார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, சுறா வராமல் மந்திரம் போடுகிறவருக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கே சொல்கிறார். அந்த மந்திரக்காரரைக் கடற்கட்டி என்பார்கள். வாயைக் கட்டுவது சுறாவுக்கா, பயத்துக்கா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அது கிடக்கட்டும்.

முத்துச்சிப்பி இருக்கும் இடத்துக்குப் பார் என்று பெயர். கரையிலிருந்து பத்து, இருபது கிலோமீட்டர் தள்ளி, பத்துப் பன்னிரண்டு பாகம் ஆழத்தில், மணலுக்கு நடுவே மேடை மேடையாகக் கிடக்கும் கெட்டித் தரை அது. தொள்ளாயிரம் பார், குடமுத்துப் பார், கருவல் பார், நகரைப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. நாம் வயலுக்குப் பெயர் வைத்திருக்கிறோம் அல்லவா, அதுபோல. பரதவர் குலத்துக் குளியாட்கள் கரைக் கோபுரத்தையும் மலையையும் அடையாளம் வைத்தே நடுக்கடலில் பாரைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சிப்பிக்குஞ்சு பிறந்ததும் மூன்று வாரம் போல, கண்ணுக்குத் தெரியாத தூசியாக நீரோட்டத்தில் மிதக்கிறது. பிறகு ஒரு கெட்டித் தரையைத் தேடி உட்கார்ந்து, உடம்பிலிருந்து நார் விட்டுப் பற்றிக்கொள்கிறது. மணலில் விழுந்தால் சாவு. சேற்றில் விழுந்தாலும் சாவு. ஆகவே பார் இல்லாமல் சிப்பி இல்லை.

முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்று பழைய பெயர். சலாபம் ஆண்டுதோறும் நடந்தது என்று நினைத்தால் அது தப்பு. போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று யார் ஆண்டாலும், சலாபம் நடந்த ஆண்டுகளைவிட நடக்காத ஆண்டுகளே அதிகம். முதலில் அதிகாரிகளும் குளியாட்களும் சேர்ந்து பாரைப் பரிசோதிப்பார்கள். கொஞ்சம் சிப்பி எடுத்து, அழுக விட்டு, கழுவி, முத்தை மதிப்புப் போடுவார்கள். சிப்பி இளசு என்றால் பாரை மூடிவிடுவார்கள். முற்றியிருந்தால் நாள் குறித்து ஊர் ஊராக அறிவிப்பு போகும். ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் அரசுக்கு இரண்டு பங்கு, குளித்தவருக்கு ஒரு பங்கு. கரையிலே ஆயிரம் ஆயிரமாக ஏலம்.

இந்தக் கட்டுப்பாடு சிப்பி மேல் இருந்த கருணையால் வந்ததல்ல, கஜானாவுக்காக வந்தது. ஆனாலும் வேலை செய்தது. முற்றாத கதிரில் அரிவாள் வைக்கக்கூடாது என்பது சட்டமாகவே இருந்தது. சங்குக் குளிப்பிலும் அப்படித்தான். வளையத்தில் நுழைந்து போகும் சின்னச் சங்கைத் திரும்பக் கடலில் விட வேண்டும்.

அப்படி இருந்தும் 1830-க்குப் பிறகு முப்பது வருஷம் தூத்துக்குடியில் சலாபமே நடக்கவில்லை. பாரைப் பார்க்கிறார்கள், பார்க்கிறார்கள், வெறும் கல். 1860-ல்தான் சிப்பி திரும்பியது. அதற்கும் இரண்டொரு வருஷத்தில் மறுபடி இல்லை. அப்போது முத்துப் பார்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் கேப்டன் ஃபிப்ஸ் என்ற ஆங்கிலேயர். அவருக்கு நம்மைப் போலவே ஒரு யோசனை வந்தது. சிப்பிக்கு நாற்றங்கால் போட்டால் என்ன? தூத்துக்குடியை ஒட்டிய ஆழமில்லாத கடலில் ஓர் இடத்தைச் சுற்றிக் கல் அடுக்கி வரப்பு கட்டி, உள்ளே சிப்பியை வளர்த்து, குஞ்சு பொரித்ததும் பார்களுக்குக் கொண்டுபோய் விதைப்பது என்று திட்டம். சிங்கோனா நாற்றை இந்தியாவுக்குக் கொண்டுவந்த கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1867-ல் லண்டனில் இந்தத் திட்டத்தைப் பாராட்டி எழுதினார்.

திட்டம் பலிக்கவில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள்: அழிந்த உயிரைக் கையால் வளர்த்துத் திரும்பவும் அதன் இடத்தில் விடுவது என்று இன்று உலகம் முழுக்கப் பேசுகிறோமே, அந்த எண்ணம் நம் தூத்துக்குடிக் கடலில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே முளைத்துவிட்டது. கூடவே ஒரு கோளாறும் முளைத்தது. சிப்பிக்கு வரப்பு கட்ட அவர் நினைத்தது எந்தக் கல்லால் தெரியுமா? பவளப்பாறைக் கல்லால். ஒன்றை வளர்க்க இன்னொன்றைப் பெயர்ப்பது.

நமக்கு எதிர்க்கரையில், இலங்கையில், 1905-ல் நடந்த சலாபம் பெரிய பேர் பெற்றது. ஒரே பருவத்தில் ஏறத்தாழ எட்டுக் கோடி சிப்பி எடுத்தார்கள். அதைப் பார்த்து வாயூறிப்போன லண்டன் கம்பெனி ஒன்று மறு வருஷமே பார்களை இருபது வருஷக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பிறகு சிப்பி இல்லை. பல வருஷம் சலாபமே இல்லை. குத்தகைக் காலம் முடியும் முன்பே கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. அமோக மகசூலைப் பார்த்துக் குத்தகை பேசுகிறவர் கதி எங்கேயும் அதுதான்.

நம் பக்கம் கடைசியாக 1955 முதல் 1961 வரை வருஷம் தவறாமல் சலாபம் நடந்தது. அதில் வாலிப வயதில் குளித்த ஒரு பெரியவரைத் திரேஸ்புரத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் சந்தித்தேன். சங்குக்கும் சிப்பிக்கும் குளித்துக் குளித்துக் காது மந்தமாகிவிட்டது அவருக்கு. "கல்லைக் காலில் மாட்டிக்கிட்டு இறங்கினா, கண்ணுக்கெட்டின தூரம் சிப்பிதான் தம்பி. வாரி வாரிக் கூடையிலே போடணும். மூச்சு முட்டினா கயித்தை ஒரு இழு" என்றார். 1961-க்குப் பிறகு இன்றுவரை தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நடந்ததில்லை.

ஏன் சிப்பி திரும்பவில்லை என்று கேட்டால் ஒரே காரணம் சொல்ல முடியாது. மணல் நகர்ந்து பாரை மூடும். சூரன் என்ற சின்ன மட்டி கம்பளி மாதிரிப் படர்ந்து சிப்பியை அமுக்கிவிடும். நம் வயல் கோரை மாதிரி. திருக்கை, கிளாத்தி, நண்டு, நட்சத்திரமீன் எல்லாவற்றுக்கும் இளஞ்சிப்பி விருந்து. இதெல்லாம் பாண்டியன் காலத்திலும் இருந்திருக்கும். புதிதாக வந்தது விசைப்படகு. அறுபதுகளில் தொடங்கி இழுவை மடி கடல் தரையைத் துடைப்பம் போட்டுக் கூட்ட ஆரம்பித்தது. நார் விட்டுப் பற்றியிருக்கும் குஞ்சுச் சிப்பி துடைப்பத்துக்கு என்ன ஆகும்?

இதற்குள் விஞ்ஞானம் ஒரு கதவைத் திறந்தது. தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில், மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி 1973-ல் சிப்பிக்குள் கரு வைத்து உருண்டை முத்து விளைவித்துக் காட்டினார். ஜப்பான்காரர் மட்டும் வைத்திருந்த வித்தை அது. அதற்குச் சிப்பி வேண்டுமே? கடலில் கிடைப்பதை நம்ப முடியாது. 1981-ல் அதே நிலையம் தூத்துக்குடியில் தொட்டியிலேயே சிப்பியை முட்டையிட வைத்து, பாசி ஊட்டி, குஞ்சாக வளர்த்தெடுத்தது. கேப்டன் ஃபிப்ஸ் கண்ட கனவின் முதல் பாதி பலித்தது. நாற்றங்கால் தயார்.

அடுத்தது நடவு. 1985-க்கும் 1990-க்கும் இடையே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பிக்குஞ்சுகளைக் கொண்டுபோய் தூத்துக்குடிப் பார்களில் இறக்கினார்கள். நம் நாட்டில் கடல் உயிர் ஒன்றைத் தொட்டியில் பிறக்க வைத்து அதன் பழைய இடத்தில் திரும்ப விட்ட ஆரம்ப முயற்சிகளில் இது ஒன்று. செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சலாபம் நடத்தும் அளவுக்குச் சிப்பி திரும்பவில்லை.

நான் ஒரு விரிவாக்க அலுவலர். எனக்குத் தெரிந்த கணக்கில் பார்க்கிறேன். இலங்கைப் பாரில் ஒரே பருவத்தில் அறுத்தது எட்டுக் கோடி. நாம் ஆறு வருஷத்தில் நட்டது பத்து லட்சம். எண்பதுக்கு ஒன்று. ஒரு ஏக்கருக்கு வேண்டிய நாற்றைக் கொண்டு எண்பது ஏக்கர் நட்டால் களைக்குத்தான் கொண்டாட்டம். அமெரிக்காவில் செசபீக் விரிகுடா என்று ஒன்று. அங்கும் சிப்பி, வேறு இனம், சாப்பிடும் சிப்பி, அழிந்துபோயிருந்தது. ஹாரிஸ் கிரீக் என்ற ஒரு சிற்றோடையில் மட்டும் 200 கோடிக்கும் மேல் குஞ்சுச் சிப்பி விட்டார்கள். அதுவும் முதலில் கல்லும் பழைய ஓடும் கொட்டித் தரையைக் கெட்டிப்படுத்தி, ஓட்டின் மேலேயே குஞ்சை ஒட்ட வைத்து, பிறகு அந்த இடத்தில் யாரும் சிப்பி எடுக்கக்கூடாது என்று மூடி வைத்தார்கள். அங்கே சிப்பி திரும்பியிருக்கிறது.

அந்தத் திரேஸ்புரம் பெரியவரிடம் இந்தப் பத்து லட்சம் நடவைப் பற்றிச் சொன்னேன். உடனே திருப்பிக் கேட்டார்: "நீங்க வயல்லே விதை போட்டா காக்கா வரும்னு ஆள் நிறுத்துவீங்க. கடல்லே போட்டா ஆள் வேண்டாமா? காவலுக்கு எங்களை யாரு கூப்பிட்டா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பழைய சலாபத்தில் குளியாளுக்கு மூன்றில் ஒரு பங்கு இருந்தது. பார் அழிந்தால் அவன் பங்கும் அழியும் என்பது அவனுக்குத் தெரியும். புதிய நடவில் அவனுக்குப் பங்கும் இல்லை, வேலையும் இல்லை, சேதியும் இல்லை.

இப்போது புதுக்கோட்டைச் சுவரில் கிடைத்த கல்லுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் பாம்பன் வரை 21 தீவுகள். ஒவ்வொன்றையும் சுற்றிப் பவளப்பாறை. முத்துப் பாரும் பவளப்பாறையும் ஒன்றல்ல. பார் வெளியே ஆழத்தில், பவளம் தீவை ஒட்டி. ஆனால் இரண்டும் மீனுக்கும் சிப்பிக்கும் கெட்டித் தரை. எழுபதுகளில் வருஷத்துக்குப் பல்லாயிரம் டன் பவளக்கல்லை வெட்டிக் கரைசேர்த்தார்கள். வெட்டியவர்கள் பணக்காரர்கள் இல்லை, அன்றாடங்காய்ச்சிகள். வாங்கியது நாம். விளைவு, 21-ல் இரண்டு தீவு, விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும், தண்ணீருக்குள் போய்விட்டன. 1986-ல் இந்தக் கடல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001-ல் பவளத்தைப் புலி, யானைக்குச் சமமாக வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அப்படியும் வெட்டு நிற்கவில்லை. 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. தீவுகளும் பாறையும் அலையின் வேகத்தை உடைத்ததைக் கடற்கரைக்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள். அடுத்த வருஷத்தோடு வெட்டு ஏறக்குறைய நின்றது. காவலும் கடுமையானது, உண்மைதான். ஆனால் சட்டப் புத்தகத்தைவிட அந்த ஒரு காலைப்பொழுது அதிகம் சொல்லிக்கொடுத்தது என்பது என் எண்ணம்.

வெட்டு நின்றால் பவளம் தானாக வளருமா? வளரும், தரை கிடைத்தால். நொறுங்கிக் கிடக்கும் துண்டும் துகளும் அலையில் உருளும். உருளும் கல்லில் பவளக்குஞ்சு ஒட்டாது. தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் ஒரு வேலை செய்துவருகிறார்கள். நல்ல பவளத்திலிருந்து கிளை ஒடித்து, சிமெண்டுப் பலகையில் கட்டி, சட்டத்தின் மேல் வைத்துக் கடலுக்கடியில் நடுகிறார்கள். முருங்கைக் கிளையை ஒடித்து நடுவது மாதிரியேதான். மான்கொம்பு மாதிரிக் கிளைக்கும் ஜாதி நன்றாகப் பிடிக்கிறது.

தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு. தேய்ந்து தேய்ந்து 2013-ல் இரண்டாகப் பிளந்துவிட்டது. இன்னும் சில வருஷத்தில் மூன்றாவது தீவும் காணாமல் போகும் என்ற நிலை. அப்போதுதான் துளை வைத்த பெரிய சிமெண்டு அமைப்புகள், பத்தாயிரத்துக்கும் மேல், சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து வடிவமைத்தவை, தீவுக்கு முன்னால் கடலில் இறக்கப்பட்டன. முதலில் அலையின் வேகம் குறைந்தது. பிறகு தீவின் கரையில் மணல் சேர்ந்தது. அந்த அமைப்புகள் மேலேயே பவளம் ஒட்டியது, மீன் கூடியது. ஃபிப்ஸ் துரை பவளத்தைப் பெயர்த்து வரப்பு கட்ட நினைத்தார். இங்கே வரப்பு கட்டிப் பவளத்தை வரவழைத்தார்கள்.

எல்லாம் வெற்றி என்று சொல்லமாட்டேன். 2016 கோடையில் கடல் சூடேறி, பவளம் வெளுத்து, வளைகுடாவில் உயிரோடு இருந்ததில் கணிசமான பங்கு செத்தது. நட்டதும் செத்தது, நடாததும் செத்தது. நாற்று நட்டவன் மழையைக் கட்டுப்படுத்த முடியுமா?

காவல் விஷயத்தில் நம் பக்கத்து மாவட்டத்துப் பெண்கள் செய்ததைச் சொல்லியே ஆகவேண்டும். பாம்பன் சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இரும்பால் சுரண்டுவதை விட்டு, விரலில் துணி சுற்றிக் கையால் பறிக்கிறார்கள். பாறையில் வேர்ப்பிடி மிஞ்சினால்தானே மறுபடி தழைக்கும். அதிகாரி சொல்லி வந்ததல்ல இது. 2002-க்குப் பிறகு வளைகுடாக் கரையில் இருநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைத்தார்கள். சில குழு நன்றாக நடந்தது. சிலது கடன் வாங்கும் சங்கமாக மட்டும் நின்றது. நம் நீர்ப்பாசன சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை.

பேர் ஒற்றுமைக்காக இன்னொன்று. அந்தப் பெரிய புதுக்கோட்டையும் கடலுள்ள மாவட்டம்தான். ஆவுளியா என்கிற கடல்பசு இருக்கிறதே, கடல்புல் மேய்கிற சாதுப் பிராணி, கறிக்காக வேட்டையாடியே அருகிப்போனது. அதற்காகத் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே வலையில் சிக்கிய ஆவுளியாவை மீனவர்கள் வலையை அறுத்து உயிரோடு விட்டிருக்கிறார்கள். வனத்துறை வெகுமதி கொடுத்துக் கௌரவித்தது. ஒரு வலையின் விலை என்ன என்று மீனவரைக் கேட்டால் தெரியும், அது லேசான காரியமில்லை. ஆவுளியாவைத் தொட்டியில் வளர்த்து விட முடியாது; சிப்பி மாதிரி லட்சக்கணக்கில் குஞ்சு போடாது, பல வருஷத்துக்கு ஒரு கன்றுதான். அதற்கு நாற்றங்கால் கிடையாது. மேய்ச்சல் நிலமும் அறுத்துவிடும் கையும் மட்டும்தான்.

நம் ஆட்களுக்கும் இதில் ஒரு சம்பந்தம் இருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் வடகால் கடைசியில் சேரும் இடம் கோரம்பள்ளம் குளம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அதன் கரை உடைந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். வயல் மேல்மண் அவ்வளவும் எங்கே போயிற்று? கடலுக்குத்தான். சேறு படிந்தால் பவளம் மூச்சு முட்டிச் சாகும். வரப்பை உயர்த்திக் கட்டுங்கள், ஓடை ஓரம் புல் விடுங்கள் என்று நான் வழக்கமாகச் சொல்வது உங்கள் மண்ணுக்காக. அதில் வான் தீவுக்கும் ஒரு பங்கு சேர்ந்திருக்கிறது என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

அந்தத் தொழுவத்துக் கல்லை வைத்துக்கொண்டு விவசாயி கடைசியாக ஒன்று கேட்டார். "இதைத் திரும்பக் கடல்லே போட்டா வளருமா சார்?"

"செத்த கல் வளராது அண்ணாச்சி. ஆடாமல் கெட்டியாகக் கிடந்தால், இதன் மேல் வேறொன்று வந்து ஒட்டி வளரலாம்" என்றேன்.

அடுத்த முறை போனபோது பார்த்தேன். மாட்டுத் தண்ணித் தொட்டி ஆடாமல் இருக்க அதை அடியில் முட்டுக் கொடுத்திருந்தார். கடல் வரைக்கும் யார் வண்டி பிடிப்பது என்று அவரே சொல்லிச் சிரித்தார்.